குற்றாலத்து ராத்திரி: இவ்வளவு லைட் இருந்தும் படி ஏன் தெரிய மாட்டேங்குது?

சீசன் வந்துவிட்டால் குற்றாலத்துக்கு ராத்திரி கிடையாது. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை, தண்ணீர் அளவாக விழுந்து, குளிக்க அனுமதியும் இருந்தால், நேரங்கெட்ட நேரத்திலும் மெயினருவிப் பக்கம் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். தோளில் துண்டு, தலையில் எண்ணெய், கையில் சிப்ஸ் பொட்டலம். "பகல்ல ஒரே கூட்டம், நைட்டு போனா நிம்மதியா குளிக்கலாம்"னு பிளான் போட்டு வருகிறவர்களும் உண்டு. நீங்களும் அந்த ரகம்தானா? அப்போ இது உங்களுக்குத்தான்.

அடுத்த முறை போகும்போது ஒரு சின்ன காரியம் செய்யுங்க. அருவியைப் பார்ப்பதற்கு முன்னால், அதை நோக்கி நடக்கும்போது உங்கள் காலடியைப் பாருங்க. எதிரே ஃப்ளட் லைட் கண்ணைக் கூசவைக்கும். அந்தக் கூச்சத்தோடு கீழே பார்த்தால், ஈரமான தரை எல்லாம் ஒரே பளபளப்பு. எங்கே படி முடிகிறது, எங்கே தரை ஆரம்பிக்கிறது? காலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெளிச்சத்துக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் அது விழ வேண்டிய இடத்தில் விழவில்லை.

நம் ஊரில் தெருவிளக்கு என்றாலே எத்தனை போஸ்ட், எத்தனை வாட்ஸ் என்ற கணக்குதான். நடந்து போகிற ஒருவருக்கு ராத்திரியில் என்ன தெரிய வேண்டும் என்று தொடங்குகிற கணக்கு வேறு. பாதசாரிகளுக்கான ஒளி வடிவமைப்பு என்று அதற்கென ஒரு தனித் துறையே இருக்கிறது. குற்றாலமும் தென்காசியும் அதைப் புரிந்துகொள்ள அருமையான இடங்கள். ஏன்னா ஐந்து கிலோமீட்டருக்குள் ஈரப்பாறை, சாரல், காடு, தேரோடும் வீதி என எல்லாச் சிக்கலும் இங்கே இருக்கிறது.

ரோட்டு லைட் யாருக்காக?

சாலையோரத்து உயரக் கம்பங்கள் வாகனங்களை மனதில் வைத்து நட்டவை. வெளிச்சம் சாலையின் நடுவில் விழும், ஓரத்தில் நடப்பவருக்கு மிச்சம்தான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காருக்கும் பைக்குக்கும் சொந்தமாக ஹெட்லைட் உண்டு, நடப்பவருக்குத்தான் எதுவும் இல்லை.

தரையில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை அளக்கும் அலகு லக்ஸ். சாலை விளக்குகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1944, வேகமான போக்குவரத்துள்ள முக்கியச் சாலைகளுக்குச் சராசரி 30 லக்ஸ், அதற்கடுத்தவற்றுக்கு 15, பின் 8, சின்னத் தெருக்களுக்கு 4 என்று பிரிக்கிறது. வெறும் 4 லக்ஸா என்று நினைக்காதீங்க. மேகமில்லாத பௌர்ணமி நிலவு தருவது கால் லக்ஸ் அளவுதான். அந்த நிலவொளியில் நம் பாட்டன் பூட்டன் வயல் வரப்பில் நடந்து போயிருக்கிறார்கள். அதாவது, நடப்பவருக்குத் தேவையான வெளிச்சம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

அதே விதியில், சராசரி லக்ஸுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது: சீர்மை. சாலையில் மிக இருண்ட இடத்தின் வெளிச்சம், சராசரியில் 0.3 அல்லது 0.4 பங்காவது இருக்க வேண்டும். நடப்பவருக்கு இதுதான் உயிர். கம்பத்தடியில் கல்யாண வீடு மாதிரி வெளிச்சம், இரண்டு கம்பங்களுக்கு நடுவில் குகை என்றிருந்தால், சராசரி கணக்கில் அந்தத் தெரு பாஸ் ஆகிவிடும். ஆனால் நீங்கள் அந்தக் குகைக்குள்தான் நடக்க வேண்டும். அதுவும் பளிச்சென்ற இடத்திலிருந்து இருட்டுக்குள் போனால், கண் பழகுவதற்கே நேரம் எடுக்கும். முழுசாகப் பழக இருபது நிமிடத்துக்கும் மேல் ஆகும். நீங்கள் அரை நிமிடத்தில் அடுத்த கம்பத்துக்குப் போய்விடுவீர்கள். இப்படியே கண் மாறி மாறித் திணறும்.

நடப்பவருக்கு இன்னொன்றும் வேண்டும். எதிரே வருகிறவரின் முகம். சுமார் நான்கு மீட்டர் தூரத்திலாவது அது யார், எந்த நோக்கத்தில் வருகிறார் என்று தெரிந்தால்தான் ஒதுங்கவோ திரும்பவோ நேரம் இருக்கும் என்பது இந்தத் துறையினரின் பொதுவான கணக்கு. நேர் மேலிருந்து விழும் வெளிச்சம் நெற்றியையும் மூக்கையும் காட்டும், கண்ணை நிழலாக்கிவிடும். பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். அதனால்தான் நடைபாதைக்கு மூன்று, நான்கு மீட்டர் உயரத்தில் சின்னச் சின்ன விளக்குகளை நெருக்கமாக வைக்கச் சொல்கிறார்கள். ஒரே விளக்கின் உயரத்தைப் பாதியாக்கினால் அதன் நேர்கீழே வெளிச்சம் நாலு மடங்காகும். அதனால் குறைந்த வாட்ஸ் போதும்.

பெண்களுக்கு இது வெறும் வசதி விஷயமில்லை. 2013-ல் டெல்லியில் தொடங்கிய சேஃப்டிபின் ஆப், ஒரு தெரு பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்பது அம்சங்களைக் கணக்கில் எடுக்கிறது. வெளிச்சம் அதில் ஒன்று. தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா, பெண்கள் இருக்கிறார்களா, ஜன்னலிலிருந்தோ கடையிலிருந்தோ யாராவது பார்க்க முடியுமா என்பவையும் மற்றவற்றில் உண்டு. லைட் மட்டும் போட்டுவிட்டால் தெரு பத்திரமாகிவிடாது. ஆனால் லைட் இல்லாவிட்டால் மற்றவை வருவது கஷ்டம்.

சாரலில் என்ன ஆகிறது?

குற்றாலத்துக்கு வருவோம். இங்கே தரை எப்போதும் நனைந்தே இருக்கும். காய்ந்த சிமென்ட் தரை தன் மேல் விழும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், அதனால் எங்கிருந்து பார்த்தாலும் தரை தெரியும். நனைந்த தரை கண்ணாடி மாதிரி. விளக்கின் பிம்பத்தை அப்படியே உங்கள் கண்ணுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, மற்ற இடங்களைக் கறுப்பாகக் காட்டும். எதிரே ஃப்ளட் லைட் இருந்தால், நீங்கள் பார்ப்பது படியை அல்ல, படியில் தெரியும் ஃப்ளட் லைட்டை. விளக்கின் வாட்ஸைக் கூட்டினால் பிம்பமும் கூடும், அவ்வளவுதான்.

அடுத்தது சாரல். "மஞ்சள் லைட் பனியைக் கிழிச்சிட்டுப் போகும், வெள்ளை லைட் போகாது" என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. சாரல், மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் அவை எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். வித்தியாசம் வருவது நிறத்தால் அல்ல, விளக்கு இருக்கும் இடத்தால். கண்ணுக்கும் பாதைக்கும் நடுவில் உள்ள சாரலின் மீது வெளிச்சம் பட்டால் ஒரு வெள்ளைத் திரை விழுந்த மாதிரி ஆகிவிடும். வெளிச்சம் முழங்கால் உயரத்தில், தரையை மட்டும் தொட்டுக்கொண்டு போனால் திரை விழாது. காரில் ஃபாக் லைட்டைக் கீழே பம்பரில் வைப்பதும் இதனால்தான்.

உங்களோடு தாத்தா, பாட்டி வந்திருந்தால் கணக்கு இன்னும் மாறும். அறுபது வயதில் விழித்திரையைச் சென்றடையும் வெளிச்சம், இருபது வயதில் போனதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதே நேரம் கண் கூசுவது அதிகமாகும். அவர்களுக்கு வெளிச்சமும் கூடுதலாக வேண்டும், கூசவும் கூடாது. பெரிய ஃப்ளட் லைட் இரண்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

அப்போ என்னதான் செய்யலாம்? கைப்பிடிக் குழாயின் அடிப்பக்கத்தில் பதித்த எல்.இ.டி பட்டை, படியை மட்டும் நனைக்கிற வெளிச்சம். சுவரில் பதித்து, மேல்பக்கம் மூடிய சின்ன விளக்கு. தண்ணீர் அடிக்கிற இடம் என்பதால், வேகமாகப் பீய்ச்சும் நீரைத் தாங்கும் ஐ.பி. 66 தரத்தில், 12 அல்லது 24 வோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில். தோட்டங்களில் வைப்பார்களே, முட்டி உயரக் குட்டிக் கம்பம், அதை மட்டும் நான் இங்கே சிபாரிசு செய்ய மாட்டேன். குற்றாலத்துக் குரங்குகளுக்கு ஒரே வாரத்தில் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், மின்சாரமே தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வழுக்காத மஞ்சள் பட்டை. கறுத்த, ஈரமான கல்லில் அந்த மஞ்சள் கோடு ஒரு லக்ஸ் வெளிச்சத்திலும் கண்ணில் படும். கலர் கலரா எல்.இ.டி போடச் செலவழிப்பதற்கு முன்னால், இதற்குச் செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

நயாகரா வேற, நம்ம அருவி வேற

அருவிக்கு லைட் போடுவது புதுசில்லை. நயாகராவில் 1860-லேயே விழாவுக்காக ஒளியேற்றிப் பார்த்தார்கள். 1925-ல் அதற்கென ஒரு வாரியமே அமைத்தார்கள். இன்றும் ராத்திரியில் அது பல நிறங்களில் மின்னும். "நம்ம ஊர்லயும் அப்படிப் போடலாமே" என்று ஆசை வருவது இயல்புதான். ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்க. நயாகராவின் கீழே நின்று யாரும் தலை முழுகுவதில்லை. அங்கே அருவி தூரத்திலிருந்து பார்க்கிற காட்சி. நம் மெயினருவி சுமார் 60 மீட்டரிலிருந்து விழுந்து, நடுவில் பொங்குமாகடலில் மோதி வேகம் தணிந்து, ஆட்களின் முதுகில் இறங்குகிறது. இங்கே அருவி ஒரு குளியலறை. குளியலறைக்கு யாராவது மேடை லைட் போடுவார்களா?

குளித்து முடித்து, முகத்தில் தண்ணீர் வழிய வெளியே திரும்புகிறவர் முதலில் சந்திப்பது எதிரே இருக்கும் விளக்கைத்தான். அந்த நொடியில் கண் முழுக்க வெள்ளை. வழுக்குப் பாறையில் அடுத்த அடி வைக்க வேண்டியதும் அந்த நொடியில்தான். விளக்கு பக்கவாட்டில், முகத்துக்கு நேரே வராத கோணத்தில் இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும்.

பெண்கள் பகுதியில் இன்னொரு விஷயம் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் போய் வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். நனைந்த உடையோடு ஃப்ளட் லைட்டில் நிற்பதும், சுற்றிலும் இருட்டில் எத்தனை செல்போன் கேமரா இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதும். வெளிச்சத்தில் நிற்பவருக்கு இருட்டில் இருப்பவர் தெரிய மாட்டார், இருட்டில் இருப்பவருக்கு இவர் நன்றாகத் தெரிவார். நல்ல வடிவமைப்பு இதைத் தலைகீழாக்கும். குளிக்கும் இடத்தில் தரைக்கும் பாறைக்கும் போதுமான மென்மையான வெளிச்சம். பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் கூடும் இடத்தில் அவர்கள் முகம் தெரிகிற வெளிச்சம். குளித்த இடத்திலிருந்து உடை மாற்றும் அறை வரையிலும், அதன் கதவிலும், அறைக்குப் பின்பக்கத்திலும் இருட்டு மூலையே இல்லாத வெளிச்சம். இதற்குக் கூடுதல் விளக்குகூட வேண்டாம், இருப்பதைத் திருப்பி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மெயினருவியில் எல்லோர் கண்ணிலும் படியும்படி வெளிச்சம் போட வேண்டிய ஓர் இடம் என்றால், அது பாதுகாப்பு வளைவு. அதைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் ஆபத்து என்பது ஊருக்கே தெரிந்த அடையாளம். தண்ணீரின் நிறம் மாறுவதும் தெரிய வேண்டும். செம்மண் நிறத்தில் கலங்கி வந்தால் மேலே மழை என்று அர்த்தம். நீலம், பச்சை, ஊதா விளக்கில் அந்த நிறமாற்றம் எப்படித் தெரியும்? கலர் லைட் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அழகுணர்ச்சியைவிட இதுதான் காரணம்.

விளக்கால் முடியாததும் ஒன்று உண்டு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அது நடந்தது பட்டப்பகலில். சூரிய வெளிச்சத்திலேயே சில நொடி அவகாசம்தான் கிடைத்தது. மலைக்கு மேலே பெய்யும் மழையை எந்த ஃப்ளட் லைட்டும் காட்டாது. அதன்பிறகு அங்கே ராத்திரிக் குளியலுக்குக் கட்டுப்பாடு வந்தது. "லைட்தான் நல்லா எரியுதே, ஏன் விட மாட்டேங்குறாங்க?" என்று போலீஸ்காரரிடம் வாதாடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்க. நன்றாக எரிகிற விளக்கு, ஆபத்து இல்லை என்ற பொய்த் தைரியத்தையும் சேர்த்தே தரும்.

காட்டுக்கும் ராத்திரி வேணும்

அருவிக்குப் பின்னால் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு. மின்மினிப் பூச்சி இணையைத் தேடுவது தன் ஒளிச் சிமிட்டலால். பக்கத்தில் பளீர் விளக்கு எரிந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. வெள்ளை எல்.இ.டி-யில் நீலப் பங்கு அதிகம். பூச்சிகள் அதிகமாக மொய்ப்பதும் அதில்தான். மனிதருக்கும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது அந்த நீலம் என்பதால், அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-ல் தெருவிளக்குகள் 3000 கெல்வினுக்கு மேல் போக வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். பழைய சோடியம் விளக்கு சுமார் 2000, நம் தெருக்களில் சாதாரணமாகப் பார்க்கும் பளீர் வெள்ளை எல்.இ.டி 5700-க்கும் மேல்.

மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறியது செலவுக் கணக்கில் சரிதான். 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய தெருவிளக்குத் திட்டம் நாடு முழுக்க எல்.இ.டி-யைக் கொண்டுவந்தது, மின்சாரமும் மிச்சமானது. ஆனால் எல்.இ.டி என்றால் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மும்பை மரைன் டிரைவில் அதே 2015-ல் மஞ்சள் விளக்குகளை மாற்றி வெள்ளை எல்.இ.டி போட்டார்கள். 'ராணியின் கழுத்துமாலை' பல்லிளித்துவிட்டது என்று ஊரே சண்டைக்கு வந்தது, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் மஞ்சள் நிற எல்.இ.டி வந்தது. சிக்கனமும் போகவில்லை, பழைய நிறமும் திரும்பியது.

மகாராஷ்டிராவின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது. அதற்காகச் சுற்றியுள்ள கிராமங்களின் தெருவிளக்குகளைக்கூட வெளிச்சம் மேலே போகாதபடி மாற்றியமைத்தார்கள். குற்றாலம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். விளக்குக்கு மேல்மூடி, 3000-க்குள் நிறம், கூட்டம் இல்லாத நேரத்திலும் சீசன் இல்லாத மாதங்களிலும் வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும் டைமர். இவ்வளவு போதும்.

தென்காசியில் ஷட்டர் இறங்கின பிறகு

தென்காசியின் பிரச்னை வேறு ரகம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விஸ்வநாதர் கோயில், 1990-ல் மறுபடி எழுந்து நின்ற ராஜகோபுரம், அந்த வாசலில் ஆளைத் தள்ளும் காற்று. கோயிலைச் சுற்றிய வீதிகளில் சாயங்காலம் நடப்பது ஒரு சுகம். காரணம் தெருவிளக்கு இல்லை, கடைகள். கடை வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, ஆள் உயரத்தில் வரும். தரையும் தெரியும், முகமும் தெரியும், கல்லாவில் ஒருவர் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டும் இருப்பார். பிரானூர் பார்டர் பரோட்டா கடை வாசலை நினைத்துப் பாருங்க, அந்த ரோட்டிலேயே பாதசாரிக்குச் சிறந்த வெளிச்சம் அதுதான்.

கடை ஷட்டர் இறங்கியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் போய்விடும். மிஞ்சுவது உயரக் கம்பம். கடைசி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறவர்களுக்குத் தெரியும் அந்த மாற்றம். அந்தக் காலத்து வீடுகளில் திண்ணைச் சுவரில் ஒரு மாடம் இருக்கும், அந்தி சாய்ந்ததும் அதில் அகல் எரியும். வழிப்போக்கர் கண் மட்டத்துக்குக் கீழே, மஞ்சளாக, கூசாமல். இன்றைய நிபுணர் எழுதித் தரும் குறிப்பும் ஏறக்குறைய இதுதான். வாசலில் ஒரு சின்ன மஞ்சள் எல்.இ.டி பல்பைச் சுவரை நோக்கித் திருப்பி ராத்திரி முழுக்க எரியவிட்டால், கரன்ட் பில்லில் தெரியவே தெரியாது.

போனை எடுங்க, அளந்து பாருங்க

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்க. சென்சார் செல்ஃபி கேமரா பக்கத்தில் இருக்கும். திரை வானத்தைப் பார்க்கிற மாதிரி முழங்கால் உயரத்தில் பிடித்தால் தரைக்கு வரும் வெளிச்சம் கிடைக்கும். முகத்துக்கு நேரே, திரை எதிர்ப்பக்கம் பார்க்கிற மாதிரி பிடித்தால் முகத்தில் விழுவது தெரியும். ஆய்வகத் துல்லியம் இருக்காது. இங்கே 20, பத்தடி தள்ளி 0 என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். நைட் மோடில் போட்டோ எடுத்து "இருட்டே இல்லையே"னு நினைத்துவிடாதீங்க. இருட்டைப் பகலாக்கிக் காட்டுவதுதான் அதன் வேலை.

குறைபாடு கண்டால் யாரிடம் சொல்வது? தெருவிளக்கு மின்வாரியத்தின் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது உள்ளாட்சியின் வேலை. தென்காசி நகராட்சி, நடுவில் மேலகரம் பேரூராட்சி, அப்புறம் குற்றாலம் பேரூராட்சி, பழைய குற்றாலம் என்றால் ஆயிரப்பேரி ஊராட்சி. ஒரு ராத்திரி நடையில் இத்தனை எல்லை வந்துவிடும். எது யாருடையது என்று குழப்பமாக இருந்தால் 1100-க்கு அழைத்து முதல்வரின் முகவரியில் பதிவு செய்யலாம். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் கூகுள் மேப் இடத்தையும் குறித்துக்கொடுங்க. "லைட் சரியில்ல" என்பதைவிட, "இந்த விளக்கு படிக்கு எதிரே கண்ணில் அடிக்கிறது, கொஞ்சம் கீழே திருப்பி மூடி போடணும்" என்று எழுதினால் லைன்மேன் ஏறி இறங்கும் ஒரே தடவையில் வேலை முடியும்.

மழையில் கம்பத்தின் அடிப்பெட்டி திறந்து ஒயர் வெளியே தெரிந்தால் மட்டும் லக்ஸெல்லாம் அளக்காதீங்க. கம்பத்தையும் தொடாமல், பக்கத்தில் தேங்கிய தண்ணீரிலும் கால் வைக்காமல் தள்ளி நின்று, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு உடனே போன் போடுங்க. ஈரக்காலோடு நடக்கிற ஊர் அது.